அக்காவுடன் பாடகர்

"உடன் தப்பான இடத்துல இருக்கு."

"எந்த உடன் சார்?"

"நீங்க போட்ட உடன்தான். படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கீங்க? நீங்களே வாசிங்க."

"அக்காவுடன் பாடகர்."

"காதுல விழுந்ததா?"

"விழுந்தது சார். சரியாத்தானே இருக்கு? அக்கா இருக்கா. கூட பாடகர் இருக்கார்."

அதிகாரி கண்களை மூடிக்கொண்டார். பல் கூச்சம் உள்ளவர் ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டதுபோல அவர் முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது.

"அதாவது ஐயா உங்க அக்காவைத் தேடி வந்தார். உங்க அக்கா பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டார். அப்படித்தானே அர்த்தம் வருது?"

"அப்படித்தான் சார் நடந்தது."

"நடந்ததை நான் கேக்கலைங்க. இலக்கணத்தைக் கேக்கிறேன். உடன்ங்கிறது உயர்ந்தவங்க பேரோடதான் ஒட்டும். அமைச்சருடன் டிரைவர் வந்தார்னு சொல்லலாம். டிரைவருடன் அமைச்சர் வந்தார்னு யாராவது சொல்வாங்களா?"

"அமைச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னா அவர் டிரைவரோடதானே சார் வரணும்."

அவர் என் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இந்தப் பேச்சு நடந்த அறை முன்பு சமையலறையாக இருந்தது. பாடகர் இறந்த பிறகு அவர் வீட்டை அவருடைய நினைவுப் பேரவை எடுத்துக்கொண்டது. கூடத்தில் அவருடைய மேடைச் செருப்புகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. படுக்கையறையில் செயலாளர் இருந்தார். படவிளக்கப் பிரிவுக்குச் சமையலறை கிடைத்தது. அடுப்பு இருந்த இடத்தில் அதிகாரியின் மேசையைப் போட்டிருந்தார்கள். அவர் தலைக்கு மேலே புகைபோக்கி அப்படியே இருந்ததால், அவர் கோபப்படும்போதெல்லாம் எனக்கு மேலே பார்க்கத் தோன்றியது.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிறவன். மிச்ச நேரத்தில் வலைப்பதிவு எழுதுகிறேன். பெயர் 'கிட்டத்தில் பார்த்தவர்கள்'. புகழ்பெற்றவர்களைத் தற்செயலாகச் சந்தித்த கதைகளும் பழைய படங்களும் அதில் இருக்கும். பெரிய சந்திப்புகள் என்று சொல்ல முடியாது. ஒரு நடிகரிடம் மணி கேட்டேன், வாட்ச் கட்டவில்லை என்றார். ஒரு பிரபல கோல்கீப்பருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தேன், யாரிடமும் சொல்லாதே என்றார். அவர் ஓய்வு பெறும்வரை நானும் சொல்லவில்லை. இதையெல்லாம் வாசிக்கச் சிலர் இருந்தார்கள். வாசித்துவிட்டு அவர்களும் தாங்கள் யாரிடம் மணி கேட்டோம் என்று எழுதுவார்கள்.

அக்கா இறந்து ஒரு வருடம் ஆன அன்று அந்தப் படத்தைப் போட்டேன்.

அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டாள். சின்ன வயதில் படியில் விழுந்து முன்பல் பாதி உடைந்துபோனது. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். எங்கள் வீட்டு ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் இருக்கிறாள். அவள் வாய் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. அவளுக்கு அந்தப் பாடகர் என்றால் உயிர். கடையில் ரேடியோ வைத்திருந்தாள். அவர் பாட்டு வந்தால் இஸ்திரிப் பெட்டி மெதுவாகப் போகும், கடை முதலாளி கத்துவார்.

ஒருநாள் அவரே கடைக்கு வந்துவிட்டார். அன்று மாலை கச்சேரி. கையில் கொண்டுவந்த சட்டையில் ஒரே கசங்கல். நான் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன், மாமாவின் கேமராவும் கையில் இருந்தது.

"அக்கா, அவரோட போய் நில்லு, ஒண்ணு எடுத்துக்கிறேன்" என்றேன்.

"போடா. மேலெல்லாம் வேர்வை. அவர் பக்கத்துல நான் போய் நிக்கிறதா?"

அது அவர் காதில் விழுந்துவிட்டது. "நீங்க வர வேணாம்மா, வேலையைப் பாருங்க. நான் உங்களோட வந்து நிக்கிறேன்" என்று கடை முகப்பின் குறுக்குப் பலகையைத் தூக்கிவிட்டு இஸ்திரி மேசைக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். சட்டை மாட்டியிருந்த ஹேங்கரைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "காலர்ல மட்டும் கஞ்சியைக் குறைச்சுப் போடுங்கம்மா. மேடையில பாடுறப்போ கழுத்தை அறுக்குது. வலியில கண்ணுல தண்ணி வந்தா, ஜனங்க நான் உருகிட்டேன்னு நினைச்சுக் கை தட்டுறாங்க" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் சட்டையின் கை. மூடிக்கொள்ள மூன்றாவது கை இல்லை. நான் கேமராப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அந்தப் படம்தான் அது. உலகத்தில் அக்காவின் முழுச் சிரிப்பு இருந்தது அந்த ஒரு தாளில் மட்டும்தான். நெகட்டிவ் மாமா வீடு மாறியபோது போய்விட்டது.

பதிவில் போடுவதற்காகச் சுவரில் மாட்டியிருந்ததை அப்படியே தொலைபேசியில் படம் பிடித்தேன். ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டு, சரியாக அக்காவின் முகத்தின்மேல் ஒரு வெள்ளை வட்டமாக விழுந்துவிட்டது. சட்டத்தைக் கழற்றி இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் படம் எங்கெங்கோ போய்விட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து எழுதினார்கள். ஐயா எவ்வளவு இளமை என்றார்கள். அந்தச் சட்டை என்ன துணி என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும், "பக்கத்தில் வெள்ளையாகத் தெரிவது என்ன, விளக்கா?" என்று கேட்டிருந்தார். என் அக்கா என்று பதில் எழுதிக்கொண்டிருந்தபோதே பக்கம் மூடப்பட்டுவிட்டது. பேரவை புகார் கொடுத்திருந்தது. மூலப்படத்தைக் கொண்டுவந்து காட்டினால் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அதனால் சட்டத்தைக் கழற்றி, திரும்பி வந்ததும் நல்லதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஐயாவின் குரலை யாரும் பதிவு செய்துவிடக் கூடாதாம். அவர் இறந்துவிட்டாரே என்றேன். "அதனாலதான் இன்னும் கவனமா இருக்கணும்" என்றார் காவலாளி. படத்தைப் பக்கத்து ஜன்னலில் கொடுத்தேன். அதில் ஒரு முத்திரை குத்தி உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.

படவிளக்க அதிகாரி என்னைச் செயலாளரிடம் அனுப்பினார். செயலாளருக்கு முன்னால் ஒரு காத்திருப்பு இருந்தது. அது பழைய குளியலறைக்கு வெளியே நடைபாதையில் போட்ட பெஞ்சு. அதில் ஒரு வயதான பெண்மணி வலது காலின் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவராம்.

"உங்களுக்கு என்ன கேஸ் தம்பி?" என்றார்.

"அக்கா படம். உங்களுக்கும்மா?"

"மிதிச்சுட்டார்."

"யாரு?"

"இங்க யாரைப் பத்திப் பேசுவாங்க? அவர்தான். ஒரு கல்யாண வீட்டுல கூட்டத்துல என் பெருவிரலை மிதிச்சுட்டார். திரும்பி ஸாரின்னும் சொன்னார். இவங்க சந்திப்புக்கு நாலு தரம் வெச்சிருக்காங்கப்பா. காட்சி, உரை, தொடுகை, ஆசி. என்னுது தொடுகையா உரையான்னு முடிவாகலையாம். மிதிச்சதை எடுத்துக்கிட்டா தொடுகை, ஸாரியை எடுத்துக்கிட்டா உரை. ரெண்டுமேன்னு சொன்னா, பேராசையாம்."

"அது முடிவானா என்ன கிடைக்கும்?"

"மிதிச்சார்னு வெளியில சொல்லிக்கலாம். இப்போ சொன்னா குத்தம்." அவர் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டார். "என்னோட வாழ்க்கையில நடந்தது மொத்தமே ரெண்டு மூணு விஷயம் தம்பி. அதுல ஒண்ணு இது. பேரன் பேத்திகிட்ட சொல்லிட்டே இருப்பேன், இப்போ வாயைத் திறந்தா மருமகன் பதறுறான்." கொஞ்ச நேரம் கழித்து, "படம்னீங்களே, நகல்தானே?" என்றார்.

"இல்லைம்மா, ஒரிஜினல்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு என் முழங்கையை மெல்லத் தட்டினார்.

"ஏன்மா?"

"ஒண்ணுமில்ல. உள்ள கூப்பிடுறாங்க பாருங்க."

செயலாளரின் அறையில் பாடகரின் கட்டில் இருந்தது. கட்டிலின்மேல் கோப்புகள் படுத்திருந்தன. நான் கைகூப்பி, "வணக்கம் ஐயா" என்றேன்.

செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த பெரிய படத்தைக் கண்ணால் காட்டினார்.

"இந்தக் கட்டடத்துக்குள்ள ஐயான்னா ஒருத்தர்தான். என்னைப் போய்ச் சொல்லிட்டீங்களே. சார்னு சொல்லுங்க. போன மாசம் ஒருத்தர் இப்படித்தான், வாய்தவறி பிளம்பரை ஐயான்னுட்டார். அரை நாள் கட்டடத்தையே மூட வேண்டியதாப் போச்சு."

"மன்னிச்சுக்குங்க சார்."

"உக்காருங்க. உங்க அக்கா எந்தத் தரத்துக்கு விண்ணப்பிக்கிறாங்க?"

"அக்கா செத்துட்டா சார்."

"அது நாலு தரத்துலயும் வராதே" என்றார் உண்மையான வருத்தத்துடன். "சரி, ஐயா அவங்ககிட்ட என்ன சொன்னார்?"

நான் சொன்னேன். கஞ்சியைக் குறைக்கச் சொன்னது, கழுத்தை அறுத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது எல்லாம் சொன்னேன். செயலாளர் தடித்த ஒரு புத்தகத்தைப் புரட்டினார்.

"ஐயாவோட உறுதிசெய்யப்பட்ட வாக்கியங்கள்ல கஞ்சிங்கிற சொல்லே கிடையாது. காலரும் இல்ல. கழுத்து ஒரு இடத்துல வருது, அதுவும் அன்னத்தோட கழுத்து. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். 'உழைப்பே உயர்ந்த ராகம்'னு ஒரு வாக்கியம் இருக்கு. யார்கிட்ட சொன்னார்னு தெரியாம ரொம்ப நாளாச் சும்மா கிடக்குது. அதை உங்க அக்காகிட்ட சொன்னதா வெச்சுக்கலாமா?"

"அதைச் சொல்லியிருந்தா அவ சிரிச்சிருக்க மாட்டா சார்."

செயலாளர் உறையிலிருந்து என் படத்தை எடுத்து முதல்முறையாகப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். பாடகர் வாய் பாதி திறந்து, கழுத்தைச் சொறிந்துகொண்டு, ஹேங்கரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது ரொம்ப ஆபத்தான படம்" என்றார். "கச்சேரி நாள்ல ஐயா யார்கிட்டயும் பேச மாட்டார். காலையிலிருந்து மௌனம். இது நாங்க உறுதி பண்ணின உண்மை. 'கச்சேரி நாள் மௌனம்'னு கூடத்துக்குப் பின்னால ஒரு தனி அறையே கட்டியிருக்கோம், பார்த்திருப்பீங்க. உள்ள போனா ஒண்ணும் கேக்காது."

"ஆனா அன்னிக்குப் பேசினாரே சார்."

"அதான் பிரச்சினையே!" அவர் மேசையைத் தட்டினார். தட்டிய வேகத்தில் அவருக்குள் நெடுநாளாக அடைபட்டுக் கிடந்த ஒன்று திறந்துகொண்டது. "வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்கு எங்க கஷ்டம் தெரியாதுங்க. ஐயா உயிரோட இருந்தப்போ கொஞ்சம்கூடக் கட்டுப்பாடு இல்ல. யார் கூப்பிட்டாலும் போய் நின்னார். சலூன்ல பாடினார். ரயில்ல ஒருத்தரோட சீட்டு விளையாடித் தோத்தார். எதுக்கும் முன் அனுமதி கிடையாது. அவர் போனப்புறம்தான் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கார். இப்போ எங்க அனுமதி இல்லாம ஒரு வார்த்தை பேசுறாரா, சொல்லுங்க? ஒரு படத்துல போய் நிக்கிறாரா? மக்கள் அவரை நேசிக்கட்டும், வேண்டாம்னு நாங்க சொல்லல. நேசிக்கிறதுக்கு முன்னாடி எங்களைக் கேக்கணும். இல்லேன்னா ஆளாளுக்கு ஒரு ஐயாவை வெச்சுக்குவாங்க. ஒருத்தர் சிரிக்கிற ஐயா, ஒருத்தர் கால் மிதிக்கிற ஐயா. அப்புறம் இவ்வளவு பெரிய கட்டடம் எதுக்கு?"

"நீங்க அவரைப் பார்த்திருக்கீங்களா சார்?"

"இல்லை. அந்த வாய்ப்பு அமையலை." அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது."

தீர்ப்பு உடனே எழுதப்பட்டது. படம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஐயாவின் உருவம் உள்ள பொருள் என்பதால் அது இனிப் பேரவைக்கே சொந்தம். கச்சேரி நாள் மௌனத்துக்குப் பொருந்தும் வகையில் அதைச் 'சீரமைத்து' மௌன அறையில் மாட்டுவார்கள். என் வலைப்பதிவும் திறந்துவிடப்படும், சீரமைத்த படத்துடன்.

"சீரமைக்கிறதுன்னா என்ன சார்?"

"ஐயாவைத் தனிமையில வெக்கிறது."

"அப்போ அக்கா?"

"கச்சேரி நாள்ல ஐயாவோட யாருமே இல்லைன்னு ஆனப்புறம், உங்க அக்கா அங்க எப்படி இருந்திருக்க முடியும்? நீங்களே யோசிங்க."

"அந்தப் படத்துல சிரிக்கிறது யாரு சார்?"

"அது ஆய்வுக்குரியது" என்று சொல்லிவிட்டு மணியை அழுத்தினார். வந்த சிப்பந்தி தீர்ப்பையும் படத்தையும் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

நடைபாதையில் பெருவிரல்காரப் பெண்மணி இல்லை. அவரைக் காட்சி என்று தீர்மானித்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். கூட்டத்தில் அவரை ஐயா பார்த்திருக்க வாய்ப்பில்லை, அவர்தான் ஐயாவைப் பார்த்திருப்பார் என்று முடிவாம்.

நான் ஓட்டமாகச் சமையலறைக்குப் போனேன். அதிகாரி புது வாசகத்தைத் தட்டச்சு செய்து முடித்திருந்தார். பாத்திரம் கழுவும் மேடைமேல் காகிதம் நறுக்கும் வெட்டுப்பலகை ஒன்று இருந்தது. நீளமான கத்தி கைப்பிடியோடு மேலே தூக்கி நின்றது. அதன் கீழே என் படம்.

"வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. இப்போ உடன் சரியான இடத்துக்கு வந்துடுச்சு, பாருங்க."

பார்த்தேன். 'தனிமையில் ஐயா, தம் சட்டையுடன்' என்று இருந்தது.

"சார், சட்டைக்கு உடன் போட்டிருக்கீங்க. அப்போ ஐயாவைவிடச் சட்டை உயர்ந்ததுன்னு ஆகாதா?"

அவர் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு ஆசிரியருக்குரிய மகிழ்ச்சி தெரிந்தது. "நல்ல கேள்வி. சட்டை அஃறிணைங்க. அஃறிணைக்கு உயர்வு தாழ்வு கிடையாது. குடையுடன், கைத்தடியுடன், நாயுடன்கூடப் போடலாம். மனுஷங்க வந்தாத்தான் தகராறு."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லப்போவது என்னவென்று தெரிவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அப்போ அக்காவையும் அஃறிணையிலேயே வெச்சுக்குங்க சார்."

"என்ன?"

"அவ இப்போ உயிரோட இல்ல. செத்துட்டா அஃறிணைதானே சார்? நாங்களே அவ செத்த அன்னிக்கு, எப்போ எடுக்கிறீங்க, எத்தனை மணிக்கு எடுக்கிறீங்கன்னுதான் பேசிக்கிட்டோம். யாரும் அவளைக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லல. அவளைப் பேர் சொல்லவே வேணாம் சார். மேசை, இஸ்திரிப் பெட்டி, அதோட அவளும் ஒரு சாமான்னு எழுதிக்குங்க. படத்துல இருந்தாப் போதும்."

புகைபோக்கிக்குக் கீழே அவர் வெகுநேரம் யோசித்தார். இலக்கணப்படி அதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது போலிருந்தது. ஒரு புத்தகத்தை எடுத்தார், விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார், உதடு அசைந்தது. பிறகு மெதுவாக மூடி வைத்தார்.

"படம் எடுத்தப்போ உயிரோட இருந்திருக்காங்களே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. கத்தியை இறக்குவதற்கு முன்னால் குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். மூலப்படத்தில் வெள்ளை வட்டம் இல்லை. உடைந்த பல், கலைந்த முன்முடி, சிரிப்பில் பாதி மூடிய கண், எல்லாம் தெளிவாக இருந்தன. "என்னமாச் சிரிக்கிறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அளவுகோலை வைத்துக் கோடு பார்த்தார். கோடு சட்டையின் நடுவில் போனது. சட்டையின் கையைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் ஐயாவின் பக்கம் வந்துவிட்டன. அதை மை வைத்து மறைத்துவிடலாம் என்றார்.

கத்தி இறங்கியதில் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.

ஐயா இருந்த பகுதியை அவர் இரண்டு விரலால் எடுத்து அட்டைமேல் வைத்தார். மற்ற பகுதி பலகையின் அந்தப் பக்கம் நழுவி, மேடைக்குக் கீழே இருந்த கூடையில் விழுந்தது. கூடை ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. யார் யாருடைய தோள்களோ, நீட்டிய கைகள், ஒரு குழந்தையின் செருப்புக் கால், கைதட்டிக்கொண்டிருந்த ஒரு முழு வரிசை. அக்கா அவற்றின்மேல் மல்லாந்து கிடந்தாள். அவர் பசையைக் குழைக்கத் தொடங்கினார்.

"சார்" என்றேன். "அந்தத் துண்டை மட்டும் எனக்குக் குடுத்துடுறீங்களா? அதுல ஐயா இல்ல சார். நல்லாப் பாருங்க. அவ மட்டும்தான் இருக்கா."